மூளையில் ஒரு நீர்க்கட்டி

மலேசியாவின் லிங்கி ஊர் கிளினிக்கில், ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த ஜோசலின், கிடைத்த முதல் நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஐந்து மாத வயிறு குலுங்கியது. உள்ளே சொன்ன ஆறுதல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

பக்கத்து நாற்காலியில், மூன்று வயது மகளை மடியில் இழுத்துப் பிடித்தபடி இருந்த தனலெட்சுமி பதறிவிட்டாள். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவள். மனசில் பட்டதை உடனே கேட்டுவிடுவாள்.

"ஏங்க அழுறீங்க? ஸ்கேன்ல என்னா சொன்னாங்க?"

"பாப்பா மூளையில நீர்க்கட்டி இருக்காம். பிள்ளைக்கு அறிவு வளருமோ என்னமோ, பயமா இருக்கு."

"மத்ததெல்லாம் எப்படி?"

"இதயம், கை, கால் எல்லாம் நல்லாத்தான் இருக்காம்."

"அப்பறம் என்னா லா! அது சும்மா தண்ணிக் கொப்புளம். மூளை வளர்றப்போ கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும். இருபத்தெட்டு வாரத்துக்குள்ள பெரும்பாலும் தானா வத்திப்போயிரும். அறிவுக்கு ஒண்ணும் ஆவாது. இவளுக்கும் இருந்திச்சே! இப்ப பாருங்க, என் ஹேன்போன் லாக்கைத் தொறந்து மாமாவுக்கு வீடியோ கால் போடுறா."

ஜோசலினுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு தெளிவா உங்களுக்கு யாரு சொன்னது?"

தனலெட்சுமி அவளை வியப்போடு பார்த்தாள்.

"நீங்கதான் டாக்டர்! இவ வயித்துல இருந்தப்போ இதே ரூம்ல எனக்கு ஸ்கேன் எடுத்தது நீங்கதானே! நான் அழுதப்போ கையப் புடிச்சிக்கிட்டு அரை மணி நேரம் சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?"