ஆறு வாரமாக அடிக்காத விசில்

இரும்புப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மொட்டைமாடிக்கு ஓடி வந்தார் ரெமிஜியஸ். லேத் பட்டறை கிரீஸ் கையில் அப்படியே இருந்தது.

புறாக்கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான் அடுத்த வீட்டு டிரேவர். முகம் வெளிறிக் கிடந்தது. வாய் மட்டும் அசைந்தது. சட்டென்று நினைவு வந்தவனாய், ரெமிஜியஸின் காதருகே குனிந்து கத்தினான்.

"கூண்டு கழுவத்தான் திறந்தேன் மச்சா! செவலை கையை உதறிட்டுப் போயிருச்சு!"

ரெமிஜியஸ் நிமிர்ந்து பார்த்தார்.

பெங்களூர் அடுகோடியின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே செவலை தனியாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஆறு வாரமாகக் கூண்டிலேயே கிடந்த பந்தயப் புறா. இறங்குகிற எண்ணமே அதற்கு இல்லை.

அதற்கும் மேலே, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, இன்னொரு புள்ளி.

ராஜாளி!

மற்ற புறாக்களைத் திறந்துவிட்டு ஆசைகாட்டி இறக்கலாம். திறந்தால் ராஜாளிக்குப் பந்திதான். தீனி இறைத்து இறக்க நேரமில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி. விசில்.

அந்த வழிதான் தீபாவளியன்று அடைபட்டுப்போயிருந்தது.

எந்த மாடியிலிருந்தோ கொளுத்தி எறிந்த வெடி, கூண்டுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் வந்து விழுந்து வெடித்தது. ரெமிஜியஸ் அப்போது செவலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். புகை கலைந்தபோது இரண்டு பேருக்கும் காது போயிருந்தது.

காலடியில் தகர டப்பா விழுந்தாலும் புறா திரும்பவில்லை. ரெமிஜியஸுக்கோ, மனிதர்கள் பேசுவதெல்லாம் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வந்தது. குக்கர் சத்தம், போன் மணி, குருவி, தன்னுடைய சொந்த விசில்... எதுவுமே இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரைகள் தீர்ந்தன. காது திரும்பவில்லை.

காதுக்கு மிஷின் வைக்க மனைவி மமதா இரண்டு தடவை நேரம் வாங்கினாள். இரண்டு தடவையும் அவர் போகவில்லை. மாட்டிக்கொண்டால், இனிமேல் வராது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! மூன்றாவது தடவை வாங்கிய நேரம், இன்றைக்குப் பதினோரு மணி.

டிரேவர் மாத்திரம் வேறு பாட்டுப் பாடினான். "ஒரே வெடி, ஒரே மாடி. செவலைக்குக் கேட்டா உனக்கும் கேக்கும் குரு. ஒரு விசில் அடிச்சுத்தான் பாரேன்!" என்று தினமும் நச்சரித்தான்.

ஆறு வாரத்தில் ரெமிஜியஸ் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. தரையில் தீனியை இறைத்துக் காட்டியே மற்ற புறாக்களை இறக்கினார்.

மேலே, அந்தப் புள்ளி சிறகை மடக்கியது.

"அடி மச்சா! போயிரும்!"

இரண்டு விரல்களை நாக்குக்கடியில் மடித்து வைத்தார் ரெமிஜியஸ். ஒரு விநாடி... ஒரே ஒரு விநாடி தயங்கினார்.

ஊதினார்.

வந்தது விசிலா, வெறும் காற்றா, அவருக்குத் தெரியாது. உதடு அதிர்ந்தது, அவ்வளவுதான். டிரேவர் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

வானத்தில், செவலையின் தலை திரும்பியது.

அத்தனை ஹாரன்களையும் அத்தனை பட்டறைச் சத்தத்தையும் தாண்டி, அவருக்கே கேட்காத அவருடைய விசிலை, ஒரு கைப்பிடிப் பறவை அவ்வளவு உயரத்தில் கேட்டது. சிறகுகளைச் சேர்த்தது. எறிந்த கல்லாக நேரே இறங்கியது. காற்றைக் கிழித்துக்கொண்டு பின்னாலேயே வந்த ராஜாளி, தொட்டி உயரத்தில் வெறும் நகங்களோடு விலகிப் போனது.

செவலை அவர் தோளில் மோதி, கைக்குள் விழுந்தது.

மூச்சுவிட மறந்து நின்றார் ரெமிஜியஸ். கட்டைவிரலுக்கடியில் அதன் இதயம் லேத்தைவிட வேகமாக ஓடியது. கோலிக்குண்டு அளவு மண்டை. அதற்குள்ளே, மருந்தில்லாமல், மிஷினில்லாமல், யாரும் எட்டிப் பார்க்க முடியாத இருட்டில், ஏதோ ஒன்று பொட்டுப் பொட்டாக மறுபடி முளைத்திருக்கிறது. கிரீஸ் கையால் அதைத் தொடவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கண் நிறைந்து வழிந்தது.

டிரேவர் குதித்தான். "கேட்டுருச்சு! உனக்கும் வந்துரும் பாரு! மமதாக்கு போன் போடறேன். மிஷினும் வேணாம், மண்ணும் வேணாம்!"

"போடு" என்றார் ரெமிஜியஸ், புறாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதினோரு மணிக்கு நான் வந்துடறேன்னு சொல்லு."

டிரேவர் விழித்தான்.

தீபாவளிக்கு மறுநாள், என் புறாவுக்கும் இப்படித்தான் ஆயிருச்சு என்று ரெமிஜியஸ் சொன்னபோது, அந்த டாக்டரம்மா அவர் காதருகே வந்து உரக்கச் சொன்ன இரண்டு விஷயங்கள் இவனுக்குத் தெரியாது. மமதாவிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை.

"பறவைக்குக் காதுக்குள்ள செத்துப்போன செல் மறுபடி வளரும். ஒன்றரை மாசம் பொறுங்க, உங்க புறாவுக்குக் கேக்கும். மனுஷங்களுக்கு வளராது."

முதலாவது மெய்யானால் இரண்டாவதும் மெய்யாகத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. அது ரெமிஜியஸுக்கும் தெரியும். ஆனால் முதலாவது பொய்த்துப்போனால், சொன்ன வாயையே சந்தேகப்படலாம் அல்லவா? அந்தச் சின்ன இடுக்கில்தான் ஆறு வாரமாக அவர் குடியிருந்தார்.

வியாழன் தவறாமல் குழந்தை இயேசு கோயிலில் அவர் ஏற்றிய ஆறு மெழுகுவத்திகளும், செவலைக்குக் காது கேட்கவே கூடாது என்பதற்காக.