சிவப்பு அம்பு, பச்சை அம்பு

சுவிசின் ஷ்லீரன் மைதானத்தில் மழை தூறுகிறது. அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பாட்டத்துக்குப் பயிற்சி கொடுக்கும் றேமன்ட், கூரையின் கீழ் நின்று டினேசையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைப் பலகையில் நாளைய ஆட்டத்துக்கான பிளிட்ஸ் என்ற திடீர்ப் பாய்ச்சல் திட்டம் இருக்கிறது. எதிரணியில் பந்தெறிபவன்மேல் உண்மையாகப் பாய்பவர்களுக்குச் சிவப்பு அம்பு. பாய்வதுபோலப் போக்குக் காட்டிப் பின்வாங்குபவர்களுக்குப் பச்சை. போன வருடம்வரை நாளைய எதிரணியில் விளையாடிய டினேஸ், மூலையில் குந்தியிருந்து அதை ஒரு தாளில் படியெடுக்கிறான். றேமன்ட் கிட்ட வரும் காலடிச் சத்தம் கேட்டதும் தாளைத் தலைக்கவசத்துக்குள் திணிக்கிறான்.

மற்றவர்களுக்கு விளங்காதபடி றேமன்ட் தமிழில் கேட்கிறார். “என்ன தம்பி எழுதிறாய்?” “ஒண்டுமில்லை அண்ணை.” “ஒண்டுமில்லாததை ஏன் ஒளிக்கிறாய்? பழைய கூட்டாளியளுக்கு அனுப்பவோ?” டினேசின் காதுமடல் சிவக்கிறது. தூரத்தில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கும் அணித்தோழன் சாயிசனை ஒருதரம் பார்த்துவிட்டுத் தாளை நீட்டுகிறான். அதில் நிறமே இல்லை. சிவப்பு அம்புகளின் நுனியில் சின்னச் சிலுவை, பச்சையின் நுனியில் வட்டம். “சாயிசனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டுபோலத்தான் தெரியும். நீங்கள் அறிஞ்சால் அணியிலயிருந்து நிப்பாட்டிப்போடுவியளெண்டு பயப்பிடுறான்.” போன ஆட்டத்தில் பின்வாங்கவேண்டிய இடத்தில் பாய்ந்ததற்காக, எல்லாருக்கும் முன்னால் சாயிசனை ஏசியது றேமன்டுக்கு ஞாபகம் வருகிறது. பலகைக்குத் திரும்பிப்போய் உள்ளங்கையால் அம்புகளை அழிக்கிறார். கறுப்புப் பேனையை எடுத்து, சிலுவையும் வட்டமுமாக முதலிலிருந்து கீறுகிறார். “சிவப்புப் பேனை காய்ந்துபோய்விட்டது, இனி எல்லாருக்கும் இதுதான்,” என்று அணி முழுவதற்கும் கேட்க ஜெர்மனில் சொல்கிறார்.