வில்மாட் க்ரீக்கில் ஓர் அறை

கல்யாணி செல்பேசியைக் கவிழ்த்து வைப்பதற்குள் கௌரிசங்கர் பார்த்துவிட்டான். திரையில் ஒரு மரப் பீப்பாய். அதன்மேல் இரண்டு வைன் கோப்பைகள்.

“ஆன்ட்டி, கோயில்ல உக்காந்துக்கிட்டு இதையா பாக்குறீங்க?”

கேரம் டவுன்ஸ் கோயிலின் சாப்பாட்டுக் கூடம். மேசையில் கல்யாணியும் கணவர் வாசுதேவனும். எதிரே ராஜேஸ்வரி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். கௌரிசங்கர் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. மல்கிரேவில் கல்யாணிக்குப் பக்கத்து வீடு.

“தங்குறதுக்கு ரூம் பாக்குறேன்பா. சனிக்கிழமை வில்மாட் க்ரீக் போறோம்.”

“அது வைன் ஊராச்சே!” அவன் குரல் அடுத்த மேசைவரை போனது. “எங்க ஆபீஸ்ல கூட்டமா டேஸ்டிங் போவாங்க. அங்கிள், பிரதோஷம் பிரதோஷம்னு விரதம் இருந்துட்டு, நீங்களுமா?”

வாசுதேவன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். நிமிரவில்லை.

“ஒரு மாறுதலுக்குத்தான்,” என்றாள் கல்யாணி. “யார்கிட்டயும் சொல்லிடாத.” சொல்லாமல் இருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் செல்பேசியை வாங்கித் திரையைத் தள்ளினான். தங்கம் தோண்டிய காலத்துக் கட்டடம் ஒன்று வந்தது. அன்று வங்கி, இன்று ஹோட்டல்.

“இதப் புக் பண்ணுங்க ஆன்ட்டி. பால்கனில நின்னா திராட்சைத் தோட்டம் தெரியும்.”

“வேணாம்பா. டிபன் பத்து மணிக்குத்தான் தர்றாங்களாம்.”

“லீவுக்குப் போறவங்க அதுக்கு முன்னாடி எழுந்து என்ன பண்ணப் போறீங்க? உங்க பையன் பிரதீப்பை வரச் சொல்லுங்க. பெர்த்லேர்ந்து ஒரு ஃப்ளைட்டு. அங்கிளுக்குக் கம்பெனி குடுப்பான்.”

“சுரங்க வேலை. லீவு கிடைக்கல.” கை நீட்டிச் செல்பேசியை வாங்கிக்கொண்டாள்.

அதுவரை பேசாதிருந்த ராஜேஸ்வரி அக்கா வாய் திறந்தார்.

“அந்த ஹோட்டல் படத்திலதான் வடிவு, தங்கச்சி. மறியலடியில ஒரு மோட்டல் இருக்கு. மலிவு. காலமை வெள்ளனச் சாப்பாடு தருவினம். அதிலயிருந்து நடந்தே…”

நிறுத்திக்கொண்டார்.

“மறியலடியா?” கௌரிசங்கர் சிரித்தான். “அங்கயும் ரோட்டுல உக்காந்து மறியல் பண்றாங்களா? பாத்து அங்கிள், காரை மறிச்சிடப் போறாங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது ராஜேஸ்வரி அக்காதான்.

“அது சரி, நீங்க எப்ப ஆன்ட்டி வைன் ஊருக்குப் போனீங்க?” என்று அவரைக் கேட்டான்.

“ஒருக்கா. கூட்டாளி ஒருத்தியோட.” அக்கா எழுந்துவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

கல்யாணியும் எழுந்து போனாள். குழாயடியில் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த கையை மறுபடியும் கழுவினார்.

“மறியல்னா உங்க பேச்சுல ஜெயில்தானே, அக்கா?”

தண்ணீருக்கு அடியில் அந்தக் கைகள் நின்றன.

“ஆர் சொன்னது?”

“இத்தனை வருஷமா உங்களோட பழகுறேன். இது தெரியாதா?”

அக்கா திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். கௌரிசங்கர் அடுத்த மேசைக்குப் போய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அங்கிருந்தவர்கள் வாசுதேவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா குழாயை மூடவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே பேசினார்.

“என்ர மகன் நிதுஷன் லண்டனில எண்டு நான் சொன்னது பொய், தங்கச்சி. ஆரோ ஓடச் சொன்ன காரை ஓடிக்கொண்டு போனவன். பின்னால பெட்டியில என்ன கிடக்கெண்டு கேக்கேல்லையாம். இப்ப அங்கதான் இருக்கிறான். மாசத்தில ஒருக்கா பஸ் எடுத்துப் போவன். அந்த மோட்டலில படுத்தெழும்பி, காலமை பிள்ளையின்ர முகத்தைப் பாத்துப்போட்டு வருவன்.”

கல்யாணி ஓர் அடி நெருங்கினாள்.

“நீங்கள் சந்தோசமாப் போற இடம். நான் வாயை வைச்சிருக்கக்கூடாது.” அக்கா ஈரக் கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு இந்த வாசல் மிதிக்கேலாது.”

“சொல்லமாட்டேன்கா.”

அது போதும். அதோடு மேசைக்குத் திரும்பிவிடலாம். சனிக்கிழமை வேறொரு ஊரில் தங்கி, விடியுமுன் காரை எடுத்தால் அக்கா அந்த மோட்டலுக்கு வந்திருந்தாலும் அவர் கண்ணில் படாமல் இருக்கலாம். கல்யாணி பக்கத்து ஊர்களின் பெயரைக்கூட யோசித்துவிட்டாள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைச் சுவரோரம் ஒடுக்கிக்கொண்டு, வழிவிடுகிறவர்போல் போனார்.

“அக்கா.”

அவர் நின்றார்.

கல்யாணி குழாயை மூடினாள்.

“பிரதீப் பெர்த்ல இல்ல, அவனும் அங்கதான் இருக்கான்.”