ஆளில்லாத மேடு

ரிஹாப் தன் வீட்டு வாசல் கதவைக் கீலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். துருவேறிய ஆணி ஒன்று அடம் பிடித்தது. சுத்தியலால் இரண்டு போடு போட்டதும் வழிக்கு வந்தது.

“கதவைக்கூட விட்டு வைக்க மாட்டியா?” பக்கத்து வீட்டு நஸ்மியா மதிலில் கையூன்றிக் கேட்டாள். “போன அறுவடையில இஸ்ரேல் குடியேறிங்க எறிஞ்ச கல்லுல உன் மண்டை உடைஞ்சுதே, அன்னிக்கு ‘செத்தாலும் நகர மாட்டேன்’னு கத்துனது யாரு? இப்ப தம்பி கூப்பிட்டதும் ரமல்லாவுக்கு மூட்டை கட்டிட்டே!”

“பேசி முடிச்சிட்டியா? இந்த முனையைக் கொஞ்சம் பிடி.”

திட்டிக்கொண்டேதான் பிடித்தாள் நஸ்மியா.

தம்பி இயாதுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாலஸ்தீனத் தரப்பின் சமாதானப் பேச்சுவார்த்தைக் குழுவில் அவனுக்கு வரைபட வேலை. அக்காவைத் தன்னோடு அழைத்துப் போகத்தான் காலையிலேயே வண்டியோடு வந்துவிட்டான். காபி ஆறிப்போகிற அளவுக்குப் பேசியிருந்தான்.

“எதிர்த்தரப்பு ஒரே பிடியா நிக்கறாங்கக்கா. ஆள் குடியிருக்கிற இடத்தைப் பத்திப் பேச்சே கிடையாதாம். எங்க விளக்கு எரியுதோ அது அப்படியே அவங்கவங்களுக்கு. ஆளில்லாத இடத்துக்கு மட்டும்தான் பேரம்.”

“நம்ம தோப்பு மேட்டுக்கு அந்தப் பக்கம் அவங்க தகர வீடுங்க நிக்குதே, அது? பேச்சுவார்த்தை நடக்கப்போகுதுன்னு ரேடியோவுல சொன்ன மறுநாள்தானேடா லாரியில கொண்டாந்து இறக்கினாங்க?”

“எப்ப இறக்கினா என்ன? உள்ள ஆள் இருக்கே. வரைபடத்துல அது ஊராயிடுச்சு. பக்கத்துல நம்ம ஒலிவத் தோப்பு வெறும் மேடு. அறுவடைக்குப் போனா படுக்கிற கதவில்லாத கல்லுக் குடில் ஒண்ணு இருக்கு, அதை எவன் வீடுன்னு ஒத்துக்குவான்? அடுத்த வாரம் பார்வையிட வர்றாங்க. அதோட தோப்பு போச்சுன்னு வச்சுக்க.”

ரிஹாப் தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள் இருக்கிற இடம் வெறும் மேடாம். நேற்று வந்த தகரம் ஊராம்.

அவள் ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

“வண்டியைப் பின்னால எடுத்து வாசல்ல நிறுத்து. சாமானை ஏத்தலாம்.”

கழற்றிய கதவு ஏறியது. மெத்தை, அடுப்பு, ஒலிவ எண்ணெய் டின் எல்லாம் ஏறின. கடைசியாகத் தண்ணீர் நிரப்பிய கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரவும் இயாது சிரித்துவிட்டான்.

“தண்ணி எதுக்குக்கா? என் வீட்டு மாடித் தொட்டி நிறைஞ்சு வழியுது.”

“வழியட்டும். நீ ஏத்து.”

நஸ்மியாவின் குரல் உடைந்தது. “போ, நல்லா இரு. நீயே ஓடிட்டா அப்புறம் எவ இருப்பா இங்க?”

“அழாதே. வாசல் திறந்து கிடக்கு, ஆடு நுழைஞ்சா விரட்டிவிடு” என்று சொல்லிவிட்டு ரிஹாப் வண்டியில் ஏறினாள்.

ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் தார்ச்சாலை, வலப்பக்கம் கல்லும் முள்ளுமாக மண் பாதை. இயாது சீட்டியடித்தபடி இடப்பக்கம் வளைத்தான்.

ரிஹாப் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

“மேட்டுக்கு விடுடா. இன்னிக்கிலேர்ந்து நம்ம குடில்லயும் விளக்கு எரியும்.”