கோட்டைத் தாண்டாத பந்து

கால்பந்து கிளப் அலமாரியில் பழைய தோல்பந்தும் புதுப்பந்தும் அருகருகே இருந்தன. புதுப்பந்தின் வயிற்றுக்குள் ஒரு சிப் உண்டு. மேல்தட்டில் ஒரு வெள்ளிக் கோப்பை.

"ஏன்டா நடுங்குறே?" என்றது தோல்பந்து.

"நாளைக்கு ஃபைனல், அண்ணே. யார் கை பட்டாலும், மயிரிழை அளவு கோட்டைத் தாண்டினாலும், உள்ளே இருக்கறது உடனே ரெஃப்ரிக்குச் சொல்லிடுது. தோத்தவங்க என்னைத்தான் முறைக்கிறாங்க."

தோல்பந்து சிரித்தது. "எங்க காலத்துல ரெஃப்ரி விசில்தான் எல்லாம். மழையில நனைஞ்சா நான் கல்லு மாதிரி கனப்பேன். தலையால முட்டவே பயப்படுவானுங்க. இந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோல் இருக்கே, அன்னிக்கு நான் கோட்டைத் தாண்டவே இல்லை. இந்தப் பக்கமே சேத்துல சிக்கிட்டேன். ரெஃப்ரி கோல்னு ஊதிட்டார். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

மேலே கோப்பை கிடுகிடுவென ஆடியது. "வாயை மூடுடா, பாவி!"

"பயப்படாதே. இங்கே யார் கேக்கப் போறா?"

"மன்னிச்சிடுங்க, அண்ணே," என்றது புதுப்பந்து, அழாத குறையாக. "உள்ளே இருக்கறதுக்குக் காதும் உண்டு. சொல்லிடுச்சு."

கதவுப் பூட்டில் சாவி திரும்பியது.