பெருந்துறையில் ஒரு பந்தயம்

அந்த வீடியோ கேமில் பந்து தட்டும் சத்தம் அசல் கூடைப்பந்து போலவே கேட்கும். குறை ஒன்றுதான், கரண்ட் போனால் ஆட்டம் அழிந்துவிடும். கணவன் கிருபாசங்கரை அதில் ஜெயித்தால், கல்யாணத்தோடு நின்றுபோன செம்மண் கிரவுண்டுக் கூடைப்பந்தை லோகப்பிரியா மறுபடி ஆடப் போகலாம் என்பது பந்தயம்.

ஞாயிறு மதியம், அவள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது கரண்ட் போனது. அவன் பியூஸ் பார்க்க வெளியே போனான். கறுத்த திரைக்குள் பந்து தட்டும் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

கரண்ட் வந்தது. ஆட்டம் முடிந்து, அவள் ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தாள்.

“எப்படியோ அழியாம தப்பிச்சுப்போச்சு, கரண்ட் வந்ததும் மீதியை நீயே ஆடி முடிச்சுட்ட போல,” என்றான் உள்ளே வந்த கிருபாசங்கர். “சொன்னா சொன்னதுதான். நாளைக்கே கிரவுண்டுக்குப் போ அம்மணி.”

“போறேனுங்க.”

அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. வியர்த்த உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்தாள். சேலையில் செம்மண் அப்பியது.