பிரேக்கில் காற்று

கொட்டாரம் ஊரில் தன் வீட்டு முற்றத்தில், ஜாக்கி போட்டுத் தூக்கிய தன் வாடகைக் காருக்கு அடியில் கிடந்தார் யோவான். மகள் லீலாபாய் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள்.

“குழாயில காத்து நின்னா பிரேக் பிடிக்காது. நான் திருகைத் திறக்கும்போ காலை எடுத்திராதே மக்கா, காத்து திரும்ப ஏறிரும்.”

“இன்னைக்கே முடிஞ்சிருமாப்பா? நம்ம டிரைவர் கிருஷ்ணமணிக்கு நாளைக்கு விடியக்காலம் திருநெல்வேலி சவாரி உண்டுமாமே.”

“சவாரி ஆருன்னு சொன்னானா?”

“எனக்கெப்படித் தெரியும்?” என்றாள். பிரேக்கை அழுத்தி மிதித்தாள்.

யோவான் திருகைத் திறந்தார்.

“ஆரல்வாய்மொழி செக்போஸ்ட் தாண்டி மதராஸ் எல்லைக்குள்ள போறவரை பிரேக் நல்லாப் பிடிக்கணும்லா. நீயும் அவனும் ஓடிப்போற வண்டி.”

லீலாபாயின் கால் பிரேக்கிலிருந்து நழுவியது.

“காத்து ஏறிட்டு, பாத்தியா? முதல்லேருந்து மிதி, மக்கா.”